கருப்பை வரை நீளும் ஒடுக்குமுறை: கறுப்பினத் தாய்மார்களின் வரலாறு நமக்குச் சொல்வது

பிறக்கும் குழந்தை இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாக இருந்தால் 'எடை குறைந்த பிறப்பு' என்று மருத்துவம் எழுதிக்கொள்கிறது. 37 வாரம் முடியும் முன் பிறந்தால் 'குறைப்பிரசவம்'. இந்தப் பதிவுகள் மருத்துவமனைக் கோப்போடு முடிந்துபோவதில்லை. மூச்சுத்திணறல், தொற்று, பள்ளியில் கவனம் நிற்காத சிரமம், நடுவயதில் ரத்த அழுத்தம், சர்க்கரை என்று பல ஆபத்துகள் இந்தக் குழந்தைகளைக் கூடுதலாகத் துரத்துகின்றன.

இப்படிப்பட்ட பிறப்புகள் ஏன் சில சமூகங்களில் மட்டும் அதிகம்? அமெரிக்காவில் இந்தக் கேள்விக்குக் கடந்த 180 ஆண்டுகளாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் ரத்தம் கெட்டது என்றார்கள். பிறகு தாய் சரியில்லை என்றார்கள். சமூகத்தைத் திரும்பிப் பார்க்க அவர்களுக்கு நெடுங்காலம் ஆனது.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 1873-ல் மகாத்மா ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' எழுதியபோது, அடிமை ஒழிப்புக்குப் போராடிய அமெரிக்க மக்களுக்குத்தான் அந்த நூலைக் காணிக்கையாக்கினார். 1946-ல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா. சபைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். 1972-ல் பம்பாயில் தொடங்கிய தலித் பேந்தர் இயக்கம், பெயரையே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. அவர்கள் அனுபவத்தைப் படித்து நம் நிலைமையை அளந்து பார்ப்பது நம் முன்னோர் தொடங்கி வைத்த பழக்கம். இந்தக் கட்டுரையும் அதன் தொடர்ச்சிதான்.

அடிமைப் பெண்ணின் பிரசவம்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைப் பெண்ணின் கருப்பை பண்ணையாரின் சொத்து. அவள் பெறும் பிள்ளை பிறந்த அன்றே அவருடைய கணக்கில் ஏறும். ஆனாலும் அவள் நிறைமாதம் வரை பருத்திக் காட்டில் வேலை செய்தாள். பிரசவமான சில வாரங்களில் மறுபடி காட்டுக்குப் போனாள். பண்ணைகளின் பழைய ஆவணங்களை ஆராய்ந்த பொருளாதார வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஸ்டெக்கல், அடிமைக் குழந்தைகளில் 1000-க்குச் சுமார் 350 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள் என்று கணக்கிட்டார். ஐந்து வயதைத் தொடும் முன்பே ஏறக்குறையப் பாதிப் பேர் போய்விட்டார்கள். வெள்ளையினக் குழந்தைகளைப்போல் இது இரண்டு மடங்கு.

நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை என்று கொண்டாடப்பட்டவர் ஜே. மரியன் சிம்ஸ். 1845 முதல் 1849 வரை அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் அடிமைப் பெண்களைத் தன் வீட்டுப் பின்கட்டில் தங்கவைத்து, மயக்க மருந்து இல்லாமல் அவர்கள்மீது அறுவைச் சிகிச்சைகளைச் சோதித்தார். அனார்க்கா, பெட்ஸி, லூசி என்ற மூன்று பெயர்கள் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அனார்க்காவுக்கு மட்டும் 30 முறை அறுவைச் சிகிச்சை நடந்தது. அவளுக்கு வந்தது நாள்கணக்கில் நீண்ட பிரசவத்தின் விளைவு. குழந்தையின் தலை இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்ள, உள்ளே திசு அழுகி ஓட்டை விழுந்து, சிறுநீர் ஓயாமல் கசிந்துகொண்டிருந்தது. சிகிச்சைக்குச் சம்மதமா என்று அவளிடம் கேட்கச் சட்டத்தில் இடமே இல்லை. அவளுக்குப் பதிலாக அவளுடைய எசமானர் சம்மதித்தார்.

அதே சிம்ஸ், பிறந்த சில நாட்களில் உடல் விறைத்து இறந்துகொண்டிருந்த அடிமைக் குழந்தைகளிடமும் வந்தார். அந்த நோய் பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் ரண ஜன்னி. அழுக்கான இடத்தில், அழுக்கான கருவியால் கொடி அறுப்பதால் வருவது. பிறக்கும்போது மண்டையோட்டு எலும்பு இடம் பெயர்ந்ததே காரணம் என்று சிம்ஸ் நம்பினார். செருப்புத் தைக்கும் ஊசியால் எலும்பை நிமிர்த்த முயன்றார். தொழுவத்துக்குப் பக்கத்தில், மண்தரையில் அந்தத் தாயைப் பிரசவிக்க வைத்த ஏற்பாட்டைத் தொடாமல், குழந்தையின் தலையைத் திருத்தப் பார்த்தார். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் நின்ற அவருடைய சிலை, மக்கள் போராட்டத்துக்குப் பிறகு 2018 ஏப்ரலில்தான் அகற்றப்பட்டது.

ரத்தமா, நிலைமையா?

அடிமை முறை 1865-ல் ஒழிந்தது. கறுப்பினக் குழந்தைகளின் சாவு ஒழியவில்லை. 1896-ல் ஃபிரெடரிக் ஹாஃப்மன் என்ற காப்பீட்டு நிறுவனப் புள்ளியியலாளர், கறுப்பினத்தவரின் உயர்ந்த இறப்பு விகிதத்துக்குக் காரணம் அவர்களின் இனக்கூறுதான் என்று ஒரு புத்தகம் எழுதினார். சுதந்திரம் அவர்களுக்கு ஒத்துவரவில்லை, அந்த இனம் தேய்ந்து அழியும் என்பதே அவர் கட்டிய முடிவு. காப்பீட்டு நிறுவனங்கள் கறுப்பினத்தவருக்குப் பாலிசி மறுக்க இதைவிட வசதியான 'அறிவியல்' வேறு கிடைத்திருக்காது.

இதற்குப் பதில் சொன்னவர்தான் டு பாய்ஸ். 1899-ல் வந்த 'பிலடெல்பியா நீக்ரோ' என்ற ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்த் தகவல் திரட்டினார். அதே 1899-ல் அட்லாண்டாவில் அவருடைய ஆண் குழந்தை இரண்டு வயதுகூட நிறையாமல் டிப்தீரியாவில் இறந்தது. 1906-ல் கறுப்பின அமெரிக்கர்களின் உடல்நலம் பற்றி அவர் பதிப்பித்த அறிக்கை, இந்த இறப்புகளுக்கு இனம் காரணமல்ல, வாழ்நிலைதான் காரணம் என்று வாதிட்டது. ஒரே இனத்துக்குள் ஊருக்கு ஊர், வருமானத்துக்கு வருமானம் இறப்பு விகிதம் மாறுகிறது என்றால், அது ரத்தத்தில் எப்படி இருக்க முடியும்?

இங்கே அண்ணலை நினைக்காமல் இருக்க முடியாது. அவருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த ஐந்து குழந்தைகளில் யஷ்வந்த் ஒருவர்தான் பிழைத்தார். கங்காதர், ரமேஷ், இந்து, ராஜரத்னா நால்வரும் சிறுவயதிலேயே இறந்தார்கள்.

டு பாய்ஸின் வாதத்தில் ஒரு இடைவெளி மீதமிருந்தது. வாழ்நிலை எப்படி உடலுக்குள் புகுகிறது? பட்டினியும் அழுக்குத் தண்ணீரும் புகும் வழி தெரியும். அவமானம் எந்த வழியாகப் புகுகிறது?

'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லின் கதை

1936-ல் மான்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் எலிகளைப் பல விதங்களில் வதைத்துப் பார்த்தார். குளிரில் வைத்தார், காயப்படுத்தினார், அளவுக்கு மீறி ஓடவைத்தார், நஞ்சு ஏற்றினார். வதை எதுவானாலும் உடல் ஒரே மாதிரி மாறியது. அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்பு உறுப்புகள் சுருங்கின, வயிற்றில் புண் வந்தது. பிற்பாடு இதற்கு அவர் கொடுத்த பெயர்தான் ஸ்ட்ரெஸ்.

இதன் இயங்குமுறை இன்று நன்றாகத் தெரியும். ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் அங்கிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பி, பிட்யூட்டரி வழியாக, சிறுநீரகத்துக்கு மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. அட்ரினல் கார்டிசாலைச் சுரக்கிறது. கார்டிசால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி உடலைத் தயார்ப்படுத்துகிறது. ஆபத்து நீங்கியதும் மூளையே அதை நிறுத்திவிடும். பாம்பைக் கண்டு ஓடி வீடு சேர்ந்தவருக்கு இந்த ஏற்பாடு போதும். தினமும் பாம்பு வரும் தெருவில் குடியிருப்பவருக்கு? நிறுத்தும் பொத்தான் தேய்ந்துபோகிறது. புரூஸ் மெக்யூவன் என்ற ஆய்வாளர் 1990-களில் இதை உடல் சுமக்கும் தேய்மானச் சுமையாக விளக்கினார்.

ஆனால் தோழர்களே, இந்தச் சொல்லின் இன்னொரு பக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். செல்யே பிற்காலத்தில் புகையிலை நிறுவனங்களிடம் பணம் பெற்றார். நீதிமன்ற வழக்குகளால் பின்னாளில் வெளிவந்த அந்த நிறுவனங்களின் ஆவணங்களில் இது பதிவாகியிருக்கிறது. இதயநோய்க்குக் காரணம் சிகரெட் அல்ல, ஸ்ட்ரெஸ்தான் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு விஞ்ஞானி தேவைப்பட்டார். ஸ்ட்ரெஸ் என்பது யாருக்கும் வரும், தனிமனிதர் சமாளிக்க வேண்டியது என்ற பேச்சு வளர அந்தப் பணமும் உதவியது. இன்று கூலி குறைத்த நிறுவனமே தொழிலாளிக்குத் தியான வகுப்பு நடத்துவதைப் பார்க்கும்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

நஞ்சுக்கொடி என்ற காவல்

1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு போகாமல் ஜெர்மன் படை தடுத்தது. ஒரு கட்டத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 முதல் 800 கலோரி வரைதான் கிடைத்தது. சுமார் 20,000 பேர் மாண்டார்கள். அப்போது கருவில் இருந்தவர்களைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தேடிப்பிடித்து ஆராய்ந்தபோது, எந்த மாதத்துக் கருவாக இருந்தார்கள் என்பதைப் பொறுத்துச் சர்க்கரைக் கோளாறும் இதயநோயும் அவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தன. 1980-களில் பிரிட்டனில் டேவிட் பார்க்கர், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் செவிலியர்கள் எழுதிவைத்த பழைய பிறப்புப் பதிவேடுகளை எடுத்து, பிறப்பு எடை குறைந்தவர்கள் பின்னாளில் இதயநோயில் அதிகம் இறந்ததைக் காட்டினார்.

தாயின் கார்டிசால் குழந்தையை அப்படியே போய்த் தாக்குவதில்லை. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி அதில் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. தாயின் நெருக்கடி நீண்டால் இந்தக் காவல் தளர்வதை விலங்கு ஆய்வுகள் காட்டின. நஞ்சுக்கொடி தானும் ஒரு நெருக்கடி ஹார்மோனைச் சுரக்கிறது. அது சீக்கிரமே உயர்ந்துவிடும் பெண்களுக்குக் குறைப்பிரசவம் அதிகம் என்று 1995-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

இதே ஹார்மோன் குடும்பம் குழந்தையைக் காப்பாற்றவும் செய்கிறது. 1972-ல் நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹோவியும் குறைப்பிரசவம் நேரப்போகும் தாய்க்குக் கார்டிசாலைப் போன்ற ஒரு மருந்தை ஊசியாகப் போட்டு, குழந்தையின் நுரையீரலைச் சீக்கிரம் பக்குவப்படுத்த முடியும் என்று காட்டினார்கள். இன்று நம் அரசு மருத்துவமனைகளிலும் அந்த ஊசி போடப்படுகிறது. ஆகவே 'கார்டிசால் விஷம்' என்று மேடையில் முழங்காதீர்கள். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் சிக்கிய கர்ப்பிணிகளில் மன அதிர்ச்சி நோய் வந்தவர்களிடமும், அவர்களின் குழந்தைகளிடமும் கார்டிசால் குறைவாக இருந்ததாக ரேச்சல் யெஹூதா 2005-ல் எழுதினார். அளவு கூடுவது மட்டுமே பாதிப்பு அல்ல. ஒழுங்கு குலைவதுதான் பாதிப்பு.

எண்கள் சொன்னது

1992-ல் ஒரு ஆய்வு, தாய் தந்தை இருவருமே கல்லூரியில் பட்டம் பெற்ற குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டது. வறுமையும் கல்வியின்மையும்தான் காரணம் என்றால் இங்கே வித்தியாசம் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. வெள்ளையினக் குழந்தைகளில் 1000-க்கு 5.4 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். கறுப்பினக் குழந்தைகளில் 10.2 பேர். மிகக் குறைந்த எடையில் பிறப்பதே இந்த வித்தியாசத்தின் பெரும் பகுதி.

அப்படியானால் மரபணுதானோ என்று பழைய ஹாஃப்மனின் குரல் மறுபடி எழுந்தது. சிகாகோவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர்கள் ரிச்சர்ட் டேவிட்டும் ஜேம்ஸ் காலின்ஸும் 1997-ல் அதற்கு நேரான சோதனை வைத்தார்கள். இல்லினாய் மாநிலப் பிறப்புப் பதிவுகளில் மூன்று வகைத் தாய்மார்களின் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். அமெரிக்காவில் பிறந்த வெள்ளைத் தாயின் குழந்தை சராசரியாக 3,446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கறுப்புத் தாயின் குழந்தை 3,333 கிராம். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்புத் தாயின் குழந்தை 3,089 கிராம். மரபணு காரணமானால் ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வந்த தாயின் குழந்தைதான் எடை குறைந்திருக்க வேண்டும். அது வெள்ளைக் குழந்தைக்குப் பக்கத்தில் நின்றது. 2002-ல் அதே குழுவினர், குடியேறியவர்களின் மகள்கள் அமெரிக்காவில் வளர்ந்து தாயானபோது அவர்களின் குழந்தைகளின் எடை இறங்கத் தொடங்குவதையும் காட்டினார்கள். ஒரே தலைமுறையில் மரபணு மாறாது. மாறியது அவர்கள் வாழ்ந்த சமூகம்.

ஆர்லீன் ஜெரோனிமஸ் 1992-ல் இதற்கு ஒரு விளக்கம் வைத்தார். வெயிலும் மழையும் சுவரை அரிப்பதுபோல, இனவெறி உடலை அரித்து முன்கூட்டியே மூப்படையச் செய்கிறது என்பது அவருடைய வாதம். வெள்ளைப் பெண்களுக்கு இருபதுகளில் பிரசவம் பதின்வயதுப் பிரசவத்தைவிடப் பாதுகாப்பானது. கறுப்பினப் பெண்களிடம் அந்த அனுகூலம் தெரியவில்லை. வயது கூடக்கூடக் குழந்தையின் ஆபத்தும் கூடியது.

ஒரே நாளில் ஒரு சமூகத்தின் மீது அச்சம் இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிந்தைய ஆறு மாதங்களில் கலிஃபோர்னியாவில் அரபுப் பெயர் கொண்ட தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் ஆபத்து, முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 34 விழுக்காடு கூடியிருந்தது. 2008 மே 12-ல் அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்ற சிற்றூரில் குடியேற்றத் துறை இறைச்சி ஆலையைச் சுற்றி வளைத்து 389 பேரைக் கைது செய்தது. அதன் பிறகு அந்த மாநிலம் முழுக்க லத்தீன் அமெரிக்கத் தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் ஆபத்து 24 விழுக்காடு உயர்ந்தது. கைது நடந்தது ஒரு ஊரில். பயம் மாநிலம் முழுக்கப் பரவியது.

இரு பக்கமும் வெட்டும் கத்தி

இதுவரை படித்துவிட்டு, 'நம் பிள்ளைகள் கருவிலேயே சிதைக்கப்படுகிறார்கள்' என்று ஒரு முழக்கத்தை எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்த முழக்கத்தை எதிரி எப்படிப் பயன்படுத்துவான் என்பதற்கும் அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது.

1985-ல் ஒரு மருத்துவ இதழில், கொக்கெய்ன் பயன்படுத்திய 23 கர்ப்பிணிகளைப் பற்றி ஒரு சின்ன ஆய்வு வந்தது. பத்திரிகைகள் அதைப் பற்றவைத்தன. கிராக் என்ற மலிவுவிலைக் கொக்கெய்ன் கறுப்பினக் குடியிருப்புகளைச் சூழ்ந்திருந்த காலம் அது. 'கிராக் குழந்தைகள்' என்ற ஒரு தலைமுறையே மூளை சிதைந்து பிறந்துவிட்டது, இவர்கள் படிக்க மாட்டார்கள், குற்றவாளிகளாவார்கள் என்று எழுதினார்கள். பிறப்பிலேயே தாழ்ந்த ஒரு உயிரியல் அடித்தட்டு உருவாகிவிட்டது என்று 1989-ல் ஒரு பெயர்பெற்ற பத்தி எழுத்தாளர் எழுதினார். பிறப்பால் தாழ்ந்தவர் என்ற பேச்சு நம் காதுக்குப் புதிதா?

அதே ஆண்டு தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், ஒரு பொது மருத்துவமனை கர்ப்பிணிகளின் சிறுநீரை அவர்களுக்குத் தெரியாமல் சோதித்துக் காவல்துறையிடம் தகவல் கொடுக்கத் தொடங்கியது. கைதான 30 பெண்களில் 29 பேர் கறுப்பினத்தவர். 2001-ல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அது சட்டவிரோதம் என்றது. அதற்குள் அவர்கள் சிறைக்குப் போய் வந்திருந்தார்கள்.

பிலடெல்பியாவில் ஹாலம் ஹர்ட் என்ற குழந்தை மருத்துவர் வேறு வழியில் போனார். 1989 முதல் 1992 வரை பிறந்த 224 குழந்தைகளை, ஏறக்குறைய எல்லோரும் ஏழைக் கறுப்பினக் குழந்தைகள், இருபது ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்தார். பாதிப் பேரின் தாய் கொக்கெய்ன் பயன்படுத்தியவர், மறுபாதி பயன்படுத்தாதவர். நான்கு வயதில் அறிவுத்திறன் மதிப்பெண் முதல் குழுவுக்கு 79.0, இரண்டாம் குழுவுக்கு 81.9. குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு குழுவும் நாட்டுச் சராசரியைவிடக் கீழே. ஏன்? ஏழு வயதுக்குள் அந்தக் குழந்தைகளில் 81 விழுக்காட்டினர் யாரோ கைதாவதைப் பார்த்திருந்தார்கள். 74 விழுக்காட்டினர் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருந்தார்கள். 19 விழுக்காட்டினர் தெருவில் பிணத்தைப் பார்த்திருந்தார்கள். தாயின் சிறுநீரில் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தபோது, குழந்தையைத் தாக்கிக்கொண்டிருந்தது வறுமையும் அந்தத் தெருவின் வன்முறையும்தான்.

என் களப்பணியில் இந்தப் பேச்சின் தமிழ் வடிவத்தைக் கேட்கிறேன். வளர்ச்சி அட்டையில் பிள்ளையின் எடைக்கோடு கீழே இறங்கியதைக் காட்டி, "காலனிப் பிள்ளைங்கன்னாலே இப்படித்தாங்க" என்று ஒரு ஊழியர் சாதாரணமாகச் சொன்னார். அவரிடம் கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. ஹாஃப்மன் ஒரு புத்தகம் முழுக்கச் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளையின் தாய் ஒன்பதாம் மாதம் வரை களையெடுத்தவர். கர்ப்பமாக இருந்தபோது ஊரில் நடந்த சாதிக் கலவரத்தைப் பற்றிக் கேட்டேன். "ராத்திரி பைக் சத்தம் கேட்டாலே வயிறு இறுகிப் பாறையா ஆயிடும்க்கா" என்றார். அட்டையில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

எழுதிய விதி அல்ல

இந்த அறிவியல் பாதிப்பை மட்டும் சொல்லவில்லை, அது மாறும் என்பதையும் சொல்கிறது. மான்ட்ரியலில் மைக்கேல் மீனி குழுவினர், தாய் எலி அதிகம் நக்கிக் கொஞ்சி வளர்த்த குட்டிகளின் நெருக்கடி ஹார்மோன் கட்டுக்குள் இருப்பதைக் காட்டினார்கள். அதிகம் கொஞ்சும் தாயிடம் மாற்றிவிடப்பட்ட குட்டிகளிடமும் இதே பலன் தெரிந்தது. 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு ஏழை மருத்துவமனையில், எட்கர் ரே என்ற மருத்துவர் குறைப்பிரசவக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல் படும்படி கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு பராமரிப்பு என்று உலகம் முழுக்கப் பரவியது அதுதான். 20 ஆண்டு கழித்து அந்தக் குழந்தைகளைத் தேடிப் பார்த்தபோதும் நல்ல விளைவுகள் தங்கியிருந்தன.

இவற்றைவிடப் பெரிய மருந்து ஒன்று உண்டு. 1964-ல் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. 1966-ல் மெடிகேர் திட்டம் தொடங்கியபோது, இனப் பாகுபாடு காட்டும் மருத்துவமனைக்குக் கூட்டரசின் பணம் கிடையாது என்று அரசு உறுதியாக நின்றது. மிசிசிப்பியில் அதுவரை கறுப்பினக் குழந்தைகளுக்குக் கதவடைத்திருந்த மருத்துவமனைகள் திறந்தன. 1965-க்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே, முதல் மாதம் கடந்த கறுப்பினக் குழந்தைகள் வயிற்றுப்போக்கிலும் நிமோனியாவிலும் இறப்பது வேகமாகச் சரிந்தது. பொருளாதார அறிஞர்கள் ஆல்மண்டும் சேயும் அதற்கு மேலும் ஒரு தலைமுறை போய்ப் பார்த்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் பிறந்த கறுப்பினப் பெண்களைவிட, அந்தப் பத்தாண்டின் இறுதியில் பிறந்தவர்கள் தாயானபோது அவர்களுடைய குழந்தைகள் நல்ல எடையில் பிறந்தார்கள். அநீதி தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது என்று இதுவரை படித்தோம். நீதியும் அப்படியே போகிறது. அதற்கான போராட்டத்தில் சிறைக்குப் போனவர்கள் தங்கள் பேரக் குழந்தையின் பிறப்பு எடையையும் சேர்த்துத்தான் கூட்டினார்கள்.

நம் பக்கம்

1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான மகப்பேறு நல மசோதா வந்தபோது அண்ணல் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அதன் செலவில் அரசுக்குப் பொறுப்பு உண்டு, அவள் உழைப்பில் லாபம் பார்க்கும் முதலாளிக்கும் பங்கு உண்டு என்பது அவர் நிலைப்பாடு. 1929-ல் பம்பாயிலும் 1934-ல் சென்னை மாகாணத்திலும் சட்டம் வந்தது. இன்று சட்டத்தில் 26 வாரச் சம்பள விடுப்பு இருக்கிறது. வயலில் களையெடுப்பவருக்கும், செங்கல் சூளையில் கல் அறுப்பவருக்கும், வீட்டு வேலை செய்பவருக்கும் அது எட்டாக்கனி. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான தமிழ்நாட்டு அரசுத் திட்டம் நிதியுதவி தருகிறது. பெரிய உதவிதான், ஆனால் இரண்டு பிரசவத்தோடு அது நின்றுவிடும். நம் பெண்களில் பெரும்பாலோர் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

2019-ல் டயான் காஃபி, அஷ்வினி தேஷ்பாண்டே உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்தியக் கிராமக் குழந்தைகளின் உயரத்தை ஆராய்ந்தார்கள். பட்டியல் சாதிக் குழந்தைகள் சராசரியில் குள்ளமாக இருப்பதை வறுமை மட்டும் விளக்கவில்லை. மேல்சாதியினர் அதிகம் சூழ்ந்த ஊர்களில் அந்த இடைவெளி கூடுதலாகத் தெரிந்தது. இல்லினாய் பதிவேடுகள் சொன்னதன் தங்கச்சிச் செய்தி இது. பிள்ளையின் உடலைப் பார்த்தால் மட்டும் போதாது, அது வளரும் ஊரையும் பார்க்க வேண்டும்.

மாணவர்களாகிய நீங்கள் இந்தத் துறையின் ஆய்வுகளைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யாரை அளக்கிறார்கள், தாயையா அவளைச் சுற்றியிருப்பவர்களையா? யாரோடு யாரை ஒப்பிடுகிறார்கள்? கடைசியில் யாரை மாறச் சொல்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு 'தாயை' என்ற பதில் மட்டும் வந்தால், சிம்ஸின் ஊசி இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது என்று பொருள்.

களத்தில் இருப்பவர்களுக்குச் சில வேலைகள் இருக்கின்றன. உங்கள் ஊராட்சியில் எடை குறைந்து பிறந்த குழந்தைகளின் கணக்கைத் தெருவாரியாகக் கேளுங்கள். ஊர்த்தெருவுக்கும் சேரிக்கும் இடையே வித்தியாசம் இருந்தால் அதைக் கிராம சபையில் வாசியுங்கள். வன்கொடுமை நடந்த ஊரில் உண்மை அறியப் போகும்போது, எரிந்த வீட்டையும் உடைந்த பாத்திரத்தையும் எண்ணுவதோடு கர்ப்பிணிகளையும் எண்ணுங்கள். அவர்களுக்கு உடனடி மருத்துவப் பரிசோதனையும் பாதுகாப்பான தங்குமிடமும் கேட்டு மனு எழுதுங்கள். குழந்தை பிறந்து ஒரு வருடம் கழித்து அந்த வீட்டுக்கு மறுபடி ஒருமுறை போங்கள்.

கூலிப் பெண்ணுக்கும் சம்பளத்தோடு மகப்பேறு ஓய்வு வேண்டும் என்ற கோரிக்கையை அண்ணல் 1928-லேயே தொடங்கி வைத்தார். ஆலை வாசலைத் தாண்டி அது இன்னும் வயலுக்கு வந்து சேரவில்லை. அதைக் கொண்டுவந்து சேர்ப்பது நம் தலைமுறையின் வேலை.